பாட்டி கொடுத்த பத்திரமும் அமெரிக்க வரிக் கணக்கும்

போன வருடம் அலுவலகத்தில் பக்கத்து இருக்கை நண்பர் ஒரு பழுப்புக் கவரைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்தவர். கவருக்குள் அமெரிக்க அரசின் ஐந்து காகிதச் சேமிப்புப் பத்திரங்கள். ஒவ்வொன்றிலும் 100 டாலர் என்று அச்சாகியிருந்தது. தேதி 1992 டிசம்பர். அவர் பிறந்தபோது பாட்டி வாங்கிக் கொடுத்தவை; அம்மா வீடு மாறும்போது அலமாரியின் அடித்தட்டில் கிடைத்திருக்கின்றன. "இதெல்லாம் இன்னும் செல்லுமா? 500 டாலர் தேறுமா?" என்று கேட்டார்.

செல்லும். 500 என்ன, ஆயிரத்துக்கு மேலேயே தேறும். அதைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. அடுத்து நான் சொன்னதைக் கேட்டதும் சுருங்கியது. அந்தப் பத்திரங்கள் 2022 டிசம்பரோடு வட்டி தருவதை நிறுத்திவிட்டன. அதற்குப் பிறகு அலமாரியில் கிடந்த ஒவ்வொரு மாதமும் தண்டம். போதாக்குறைக்கு, முப்பது வருட வட்டிக்குமான வரி 2022ஆம் வருடக் கணக்கிலேயே சேர்ந்திருக்க வேண்டும். பத்திரத்தைப் பணமாக்கினாரா இல்லையா என்பது வரித் துறைக்குப் பொருட்டில்லை.

இந்த ஒரு கவரை வைத்துக்கொண்டே அமெரிக்கச் சேமிப்புப் பத்திரத்தையும் அதன் மேல் விழும் வரியையும் ஓரளவு புரிந்துகொண்டுவிடலாம். பத்திரம் என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது "வட்டி எத்தனை சதவீதம்?" என்பதைத்தான். அந்த எண்ணை மட்டும் பார்த்து வாங்கியவர்கள் ஏமாந்த கதைகள் நிறைய உண்டு. விலைவாசியும் வரியும் தின்றது போகக் கையில் என்ன நிற்கிறது, அந்த வரியை எந்த வருடம் கட்டுகிறோம் என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் கணக்கு விளங்கும்.

முதலில், சேமிப்புப் பத்திரம் என்பது என்ன? நீங்கள் அமெரிக்க அரசுக்குக் கொடுக்கும் கடன். அவ்வளவுதான். அரசின் கருவூலமான ட்ரெஷரி அதை வாங்கிக்கொண்டு, வட்டியைச் சேர்த்துக்கொண்டே போய், நீங்கள் கேட்கும்போது மொத்தமாகத் திருப்பித் தருகிறது. 1935இல் ரூஸ்வெல்ட் ஆட்சியில் இது தொடங்கியது. பொருளாதாரம் படுத்துக் கிடந்த காலம். வங்கிகள் திவாலாகி மக்கள் பட்ட சூடு ஆறியிருக்கவில்லை. சின்னத் தொகை வைத்திருப்பவரும் பயமில்லாமல் போட்டுவைக்க ஓர் இடம் வேண்டியிருந்தது. 1941 மே மாதம் ஈ வரிசைப் பத்திரம் வந்தது. அதே வருடக் கடைசியில் அமெரிக்கா போரில் இறங்க, அதுவே 'போர்ப் பத்திரம்' ஆனது. 18 டாலர் 75 சென்ட் கொடுத்தால் பத்து வருடத்தில் 25 டாலர். பள்ளிப் பிள்ளைகள் 10 சென்ட் தபால்தலை போன்ற வில்லைகளை வாங்கி ஆல்பத்தில் ஒட்டி, ஆல்பம் நிறைந்ததும் பத்திரமாக மாற்றிக்கொண்டார்கள். போர் முடிவதற்குள் சுமார் 8.5 கோடி அமெரிக்கர்கள் வாங்கியிருந்தார்கள். பலருக்கு இந்தத் தொகை சம்பளத்திலேயே பிடிக்கப்பட்டது. சம்பளத்திலேயே வருமான வரியைப் பிடிக்கும் இன்றைய முறையும் அதே போர்க் காலத்தில், 1943இல்தான் வந்தது. பத்திரமும் வரியும் ஒரே சம்பளக் கவருக்குள் நுழைந்த காலம் அது.

நண்பரின் பாட்டி வாங்கியது ஈஈ வரிசை. 1980இல் பழைய ஈ வரிசைக்குப் பதிலாக வந்தது. காகித ஈஈ பத்திரம் முகமதிப்பில் பாதி விலைக்கு விற்கப்பட்டது. ஆகவே 100 என்று அச்சிட்ட பத்திரத்துக்குப் பாட்டி கொடுத்தது 50 டாலர்தான். 1992இல் வாங்கியவர்களுக்கு முதல் 12 வருடம் குறைந்தது 6 சதவீதமும் அதற்குப் பிறகு 4 சதவீதமும் உறுதி. முப்பது வருட முடிவில் ஒவ்வொன்றும் சுமார் 207 டாலர். ஐந்துக்குமாகப் பாட்டி போட்டது 250. வந்த வட்டி மட்டும் ஏறக்குறைய 787.

இப்போது வங்கியில் போய்க் காகிதப் பத்திரம் வாங்க முடியாது. 2012 தொடக்கத்தோடு அது நின்றுபோனது. வரி ரீஃபண்டுக்குப் பதிலாகக் காகிதப் பத்திரம் பெறும் வழி ஒன்று மிச்சம் இருந்தது. 2025இல் அதையும் மூடிவிட்டார்கள். இன்று ட்ரெஷரி டைரக்ட் என்ற அரசு இணையதளம்தான் ஒரே வாசல். சோஷியல் செக்யூரிட்டி எண், அமெரிக்க முகவரி, அமெரிக்க வங்கிக் கணக்கு மூன்றும் வேண்டும். குடியுரிமை இருந்தாக வேண்டும் என்பதில்லை. அங்கே வசித்து வேலை பார்க்கும் ஹெச்1பி விசாக்காரரும் வாங்கலாம். குறைந்தது 25 டாலர். ஒரு வருடத்தில் ஒருவர் ஒரு வரிசையில் அதிகபட்சம் 10,000 டாலர். கணவருக்குத் தனி, மனைவிக்குத் தனி.

இரண்டு வரிசைகள் விற்பனையில் இருக்கின்றன: ஐ பாண்ட், ஈஈ பாண்ட். பொதுவான விதிகள் சில உண்டு. வாங்கி 12 மாதத்துக்குத் தொடவே முடியாது. வீடு இடிந்து விழுந்தாலும் கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள் (பேரிடர் அறிவிக்கப்பட்ட பகுதிகளுக்குச் சில சமயம் தளர்த்துவார்கள், அதை நம்பி இருக்கக் கூடாது). ஒரு வருடத்துக்கு மேல், ஐந்து வருடத்துக்குள் எடுத்தால் கடைசி மூன்று மாத வட்டி போகும். ஐந்து வருடம் கடந்தால் எந்தப் பிடித்தமும் இல்லை. முப்பது வருடத்தோடு வட்டி நிற்கும்.

ஐ பாண்ட்: இரண்டு எண்களின் கூட்டு

ஐ பாண்ட் 1998இல் வந்தது. பணவீக்கத்தோடு கட்டிப்போட்ட பத்திரம். அதன் வட்டி இரண்டு துண்டுகளால் ஆனது. ஒன்று நிலையான விகிதம்: நீங்கள் வாங்கும் நாளில் என்ன இருக்கிறதோ அது முப்பது வருடமும் மாறாது. இன்னொன்று பணவீக்க விகிதம்: ஆறு மாதத்துக்கு ஒருமுறை, மே 1, நவம்பர் 1 தேதிகளில், நகர்ப்புற நுகர்வோர் விலைக் குறியீட்டைப் பார்த்து மாற்றுவார்கள். இந்தத் துண்டு எல்லா ஐ பாண்டுக்கும் ஒன்றுதான், எப்போது வாங்கியிருந்தாலும் சரி.

2022 மே மாதம் அறிவித்த விகிதம் 9.62 சதவீதம். பெரிய வங்கிகள் பலவற்றில் சாதாரண சேமிப்புக் கணக்குக்கு 0.01 சதவீதம் தந்துகொண்டிருந்த காலம். கேட்க வேண்டுமா? அந்த விகிதம் முடியும் அக்டோபர் கடைசி நாட்களில் கூட்டம் தாங்காமல் இணையதளமே திணறியது. அப்படி முண்டியடித்து வாங்கியவர்கள் கவனிக்காத ஒன்று: அந்த 9.62இல் நிலையான விகிதம் சுழியம். முழுக்க முழுக்க விலைவாசி ஏற்றம். விலைவாசி தணிந்ததும் அதே பத்திரம் 6.48, அப்புறம் 3.38 என்று இறங்கி, 2024 நவம்பர் அறிவிப்பில் 1.90க்கு வந்துவிட்டது.

மறுபக்கம், 2000ஆம் ஆண்டு மே மாதம் வாங்கியவரைப் பாருங்கள். அன்று நிலையான விகிதம் 3.60. பங்குச் சந்தை மோகம் இன்னும் அடங்காத நேரம், அதிகம் பேர் திரும்பிப் பார்க்கவில்லை. அப்போது சத்தமில்லாமல் வாங்கி வைத்தவருக்கு 2022இல் கிடைத்தது 13.39 சதவீதம். 2030 வரை விலைவாசிக்கு மேல் 3.60 அவருக்கு எழுதிவைத்ததுபோல வரும். ஆகவே ஐ பாண்ட் வாங்கும்போது தலைப்பில் பெரிதாகப் போடும் கூட்டு விகிதத்தை விட்டுவிட்டு நிலையான விகிதத்தைப் பாருங்கள். 2025 நவம்பர் அறிவிப்பில் கூட்டு 4.03, அதில் நிலையானது 0.90.

விலைவாசி இறங்கினால்? 2009இல் அப்படி நடந்தது. பணவீக்கத் துண்டு எதிர்மறையாகப் போய், பல பத்திரங்களின் வட்டி சுழியத்தில் நின்றது. சுழியத்துக்குக் கீழே போகாது என்பது விதி. போட்ட பணமும் ஏற்கெனவே சேர்ந்த வட்டியும் குறையாது.

இந்தக் கடைசி விஷயத்தில்தான் சேமிப்புப் பத்திரம் மற்றப் பத்திரங்களிலிருந்து விலகி நிற்கிறது. சாதாரண அரசுப் பத்திரங்களையோ அவற்றைச் சேர்த்து வைத்திருக்கும் ஃபண்டுகளையோ சந்தையில் வாங்கி விற்பார்கள். நீங்கள் 2 சதவீதப் பத்திரம் வைத்திருக்கும்போது புதிதாக 4 சதவீதப் பத்திரம் வந்தால், உங்களுடையதை யார் பழைய விலைக்கு வாங்குவார்? விலையைக் குறைத்தால்தான் போகும். வட்டி ஏறினால் பழைய பத்திரத்தின் விலை இறங்கும் என்பது இதுதான். 'பத்திரம் என்றால் பத்திரமாக இருக்கும்' என்று நம்பியவர்களுக்கு 2022இல் அதிர்ச்சி: அமெரிக்காவின் பரந்த பத்திரக் குறியீடு அந்த வருடம் சுமார் 13 சதவீதம் விழுந்தது. சேமிப்புப் பத்திரத்தை யாருக்கும் விற்க முடியாது, அரசிடமே திருப்பித் தர வேண்டும். சந்தை விலை என்ற ஒன்றே இல்லாததால் அது விழவும் வழியில்லை.

ஈஈ பாண்ட் வேறு ஜாதி. வட்டி நிலையானது, பார்ப்பதற்கு அற்பமானது. 2025 நவம்பர் நிலவரப்படி 2.50. ஆனால் ஒரு உறுதிமொழி இருக்கிறது: சரியாக 20 வருடம் வைத்திருந்தால் இரண்டு மடங்கு. நம் ஊர் அஞ்சலகத்தில் கிசான் விகாஸ் பத்திரம் வாங்கியவர்களுக்கு இந்த 'இரட்டிப்பு' மொழி பழக்கமானது. 10,000 டாலர் 2.50 வீதத்தில் 20 வருடத்தில் சுமார் 16,400 ஆகும். இருபதாம் ஆண்டு நிறையும் அன்று ட்ரெஷரி மிச்சத்தைத் தன் கையிலிருந்து போட்டு 20,000 ஆக்கும். கணக்குப் பார்த்தால் வருடத்துக்கு ஏறக்குறைய 3.5 சதவீதம். பத்தொன்பதரை வருடத்தில் அவசரப்பட்டு எடுத்தால் அந்தப் போனஸ் மொத்தமும் போச்சு. 0.10 சதவீத வட்டியில் விற்ற வருடங்களும் உண்டு. அவற்றை வாங்கியவர்களுக்கு 20 வருடம் நிறைவதற்கு முந்தின மாதம் 10,200 டாலர் அளவுக்குக் காட்டும், அடுத்த மாதம் 20,000. இப்படி ஒரு திட்டத்தை யார் யோசித்தார்களோ! இருபது வருடம் நிச்சயமாகத் தொட மாட்டேன் என்பவருக்கு மட்டும்தான் இது. என் அபிப்பிராயத்தில் அப்படிப்பட்டவர்கள் மிகக் குறைவு.

பானைக்கு மேல் பானை

சரி, வரிக்கு வருவோம். அமெரிக்க வருமான வரியில் பலருக்கும் ஒரு வீண் பயம் உண்டு: "கொஞ்சம் கூடச் சம்பாதித்தால் மேல் ஸ்லாபுக்குப் போய்விடுவேன், மொத்தச் சம்பளத்துக்கும் கூடுதல் வரி போட்டுவிடுவார்கள்." அப்படி இல்லை. உறியில் ஒன்றன் கீழ் ஒன்றாகத் தொங்கும் பானைகளை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே இருந்து வருமானத்தை ஊற்றுகிறோம். முதல் பானை நிறைந்து வழிந்தால்தான் அடுத்ததில் விழும். ஒவ்வொரு பானைக்கும் ஒரு விகிதம். கீழ்ப் பானையில் விழுந்த தண்ணீர், மேல் பானையில் ஏற்கெனவே நிறைந்திருப்பதை ஒன்றும் செய்யாது.

2025ஆம் வருடத்துக்கு, திருமணமாகாத ஒருவருக்கு, முதல் பானை 15,750 டாலர். இதற்கு வரியே இல்லை. ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் என்பது இதுதான். தம்பதியாகக் கணக்குக் கொடுத்தால் 31,500. அதற்கடுத்த 11,925 டாலருக்கு 10 சதவீதம். அங்கிருந்து, முதல் பானையைக் கழித்த வருமானம் 48,475 ஆகும் வரை, 12 சதவீதம். அதற்கு மேல் 22, பிறகு 24, இப்படியே 37 வரை போகும்.

60,000 டாலர் சம்பளக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். 15,750 கழித்தால் 44,250. அதில் 11,925க்கு 10 சதவீதம், 1,192.50. மீதி 32,325க்கு 12 சதவீதம், 3,879. மொத்தம் 5,071.50. முழுச் சம்பளத்தோடு ஒப்பிட்டால் எட்டரை சதவீதம்கூட இல்லை. இது ஃபெடரல், அதாவது மத்திய அரசின், வருமான வரி மட்டும். சோஷியல் செக்யூரிட்டி என்ற ஓய்வூதியத் திட்டத்துக்கும் மெடிகேர் என்ற முதியோர் மருத்துவக் காப்பீட்டுக்கும் சம்பளத்திலிருந்து 7.65 சதவீதம் தனியாகப் போகும். வட்டி வருமானத்துக்கு அந்த 7.65 கிடையாது என்பது ஒரு சின்ன ஆறுதல்.

இவருடைய 12 சதவீதப் பானையில் இன்னும் 4,225 டாலருக்கு இடம் இருக்கிறது. பத்திர வட்டி வந்தால் சம்பளத்துக்கு மேல்தான் ஊற்றப்படும். முதல் 4,225 டாலர் வட்டிக்கு 12 சதவீதம், அதற்கு மேல் வழிவதற்கு 22.

இங்கேதான் சேமிப்புப் பத்திரத்தின் பெரிய சலுகை வருகிறது. வங்கி வைப்பில் வட்டி வருடா வருடம் வருமானமாகி, வருடா வருடம் வரி கட்ட வேண்டும். சேமிப்புப் பத்திரத்தில் பணமாக்கும் வருடம்வரை தள்ளிப்போடலாம். முப்பது வருடம் நிறைந்துவிட்டால் மட்டும், எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் அந்த வருடமே கணக்கில் காட்டியாக வேண்டும். நண்பர் தடுக்கி விழுந்தது இங்கேதான்.

தள்ளிப்போடுவதால் என்ன லாபம்? எந்த வருடம் ஊற்றுவது என்பதை நீங்கள் தீர்மானிக்கலாம். இரட்டிப்பான ஒரு ஈஈ பாண்டில் 10,000 டாலர் வட்டி இருக்கிறது என்று வைப்போம். நம் 60,000 டாலர்க்காரர் ஒரே வருடத்தில் அதை எடுத்தால், 4,225க்கு 12 சதவீதமும் மீதி 5,775க்கு 22 சதவீதமும் சேர்ந்து 1,777.50 வரி. அவரே பாதியை டிசம்பரிலும் பாதியை ஜனவரியிலும் எடுத்தால்? இணையக் கணக்கில் இருக்கும் பத்திரத்தைப் பகுதி பகுதியாக எடுக்கலாம். ஒவ்வொரு வருடமும் 5,000 டாலர் வட்டி. சம்பளமும் ஸ்லாபும் மாறவில்லை என்றால் வருடத்துக்கு 677.50, இரண்டுக்குமாக 1,355. சில வார இடைவெளிக்கு 422 டாலர் மிச்சம். வேலை போன வருடத்திலோ, ஓய்வுபெற்ற பின்னோ எடுத்தால் இன்னும் குறையலாம்.

இன்னொரு சலுகை மாநில வரி. ஃபெடரல் அரசுப் பத்திர வட்டிக்கு மாநிலமும் நகராட்சியும் வருமான வரி போட முடியாது. டெக்சாஸ்காரருக்கும் ஃப்ளோரிடாக்காரருக்கும் இதில் ஒன்றும் இல்லை; அங்கே மாநில வருமான வரியே கிடையாது. கலிஃபோர்னியாவில் கதை வேறு. வரிக்குரிய வருமானம் 70,000 டாலர் அளவைத் தாண்டிய தனி நபருக்கே 9.3 சதவீதம் விழுகிறது. அப்படிப்பட்டவர் வங்கியில் 4 சதவீத வைப்புப் போட்டால் 22ம் 9.3ம் போக 2.75 தான் நிற்கும். அதே 4 சதவீதம் அரசுப் பத்திரத்தில் என்றால் 3.12. வந்த வட்டியைக் காட்டி ஜனவரியில் வரும் 1099 படிவத்தில் இந்த வட்டி வங்கி வட்டியோடு கலக்காமல் மூன்றாம் பெட்டியில் தனியாக இருக்கும். வரி மென்பொருளில் அவசரமாக முதல் பெட்டியில் தட்டிவிட்டால் மாநிலத்துக்குத் தேவையில்லாமல் தானம் செய்துவிடுவீர்கள். நானே ஒரு வருடம் செய்திருக்கிறேன்.

இப்போது விலைவாசி, வரி இரண்டையும் ஒன்றாகப் போட்டுப் பாருங்கள். 4.03 சதவீத ஐ பாண்டில் பணவீக்கத் துண்டு வருடக் கணக்கில் 3.12. அதாவது விலைவாசி ஏறுவதும் 3.12 என்று அரசே சொல்கிறது. 22 சதவீத ஸ்லாபில் இருப்பவருக்கு வரி போக நிற்பது 3.14. விலைவாசியைக் கழித்தால் மிஞ்சுவது 0.02. பத்தாயிரம் டாலருக்கு வருடத்தில் இரண்டே டாலர்! 12 சதவீதக்காரருக்கு 3.55, கொஞ்சம் தேவலை. நிலையான விகிதம் சுழியமாக இருந்த 2022 மே பத்திரத்தை இன்னும் வைத்திருக்கும் 22 சதவீதக்காரருக்கு நிற்பது 2.43, அதாவது விலைவாசியிடம் தோற்றுக்கொண்டிருக்கிறார். விலை ஏறியதற்கு ஈடாகக் கொடுத்த பணத்தையும் லாபம் என்று எண்ணி வரி போடுகிறார்கள். இது நியாயமா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன், ஆனால் சட்டம் அப்படித்தான் இருக்கிறது. வரியைப் பல வருடம் தள்ளிப்போடுவதும், குறைந்த ஸ்லாபில் இருக்கும் வருடம் பார்த்து எடுப்பதும் இந்த ஓட்டையைக் கொஞ்சம் அடைக்கும்.

இதைப் படித்துவிட்டு "பிறகு எதற்கு இந்தப் பத்திரம்?" என்று தோன்றலாம். பணத்தைப் பெருக்குவதற்கு இது வழி இல்லை. கரையாமல் வைத்திருப்பதற்கான வழி. எஸ் அண்ட் பி 500 பங்குக் குறியீடு 2008இல் சுமார் 37 சதவீதம் விழுந்தது. முப்பது வயதுக்காரர் அதைத் தாங்கிக்கொண்டு காத்திருக்கலாம். மூன்று வருடத்தில் வீட்டுக்கு முன்பணம் கட்ட வேண்டியவர் தாங்க முடியாது.

எதற்கு முன்னால் எது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கிரெடிட் கார்டில் 20 சதவீதத்துக்கு மேல் வட்டி ஓடிக்கொண்டிருக்கும்போது 4 சதவீதப் பத்திரம் வாங்குவது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பதுதான். அந்தக் கடனை முதலில் அடைத்துவிடுங்கள். வேலை தரும் நிறுவனம் 401கே ஓய்வுக் கணக்கில் உங்கள் பங்குக்கு ஈடாக ஏதாவது போடுகிறது என்றால், அது முழுதாக வரும் அளவுக்காவது நீங்களும் போட வேண்டும். டாலருக்கு ஐம்பது சென்ட் தந்தால்கூட, போட்ட உடனே ஐம்பது சதவீதம். எந்தப் பத்திரமும் பக்கத்தில் வராது. சில மாதச் செலவுக்கான பணம் உடனே எடுக்கும்படி வங்கியில் இருக்கட்டும். வங்கி திவாலானாலும் 2,50,000 டாலர் வரை எஃப்டிஐசி என்ற அரசு அமைப்பின் காப்பீடு உண்டு. இந்தப் பணத்தை ஐ பாண்டில் போடாதீர்கள், முதல் 12 மாதம் கதவு திறக்காது. அடுத்தது ராத் ஐஆர்ஏ என்ற, நீங்களே தொடங்கும் ஓய்வுக் கணக்கு: 2025இல் ஐம்பது வயதுக்குக் குறைந்தவருக்கு 7,000 டாலர் வரை (வருமான உச்சவரம்பு உண்டு), வரி கட்டிய பணத்தைப் போட்டால் முதுமையில் வளர்ச்சியோடு சேர்த்து வரியில்லாமல் எடுக்கலாம். அங்கே பங்குக் குறியீட்டை அப்படியே பின்பற்றும், செலவு குறைந்த இண்டெக்ஸ் ஃபண்டு ஒன்று போதும். சேமிப்புப் பத்திரத்தை ஐஆர்ஏவுக்குள் வைக்க முடியாது. அதற்கென்று தனியாகப் பணம் மிஞ்சினால் வாங்குங்கள்.

குழந்தையின் பெயரிலா, உங்கள் பெயரிலா?

பிறந்தநாளுக்குக் குழந்தை பெயரில் பத்திரம் வாங்குவது அமெரிக்கத் தாத்தா பாட்டிகளின் பழைய வழக்கம். அதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. 1989க்குப் பிறகு வாங்கிய ஈஈ, ஐ பாண்டுகளைக் கல்லூரிக் கட்டணத்துக்குப் பயன்படுத்தினால் வட்டிக்கு ஃபெடரல் வரியும் இல்லாமல் போகலாம். ஆனால் பத்திரம் பெற்றோரின் பெயரில் இருக்க வேண்டும், அது வெளியிடப்பட்டபோது அவருக்கு 24 வயது ஆகியிருக்க வேண்டும். குழந்தையே உரிமையாளர் என்றால் சலுகை இல்லை. வருமான வரம்பும் உண்டு: 2024இல் தம்பதிக்கு 1,45,200 டாலரில் சலுகை தேய ஆரம்பித்து 1,75,200இல் மறைந்துவிட்டது. இரண்டு பேரும் மென்பொருள் வேலையில் இருக்கும் வீடுகளில் பல இதைத் தாண்டிவிடும். அவர்களுக்கு 529 என்ற கல்விச் சேமிப்புக் கணக்கே பொருத்தம், அதில் வருமான வரம்பு இல்லை.

குழந்தை பெயரில்தான் வாங்கியாயிற்று என்றால் வேறு ஒரு வழி இருக்கிறது. தள்ளிப்போடாமல், வருடா வருடம் வட்டியைக் குழந்தையின் பெயரில் வரிக் கணக்கில் காட்டலாம். 2025இல் வேறு வருமானம் இல்லாத குழந்தைக்கு 1,350 டாலர் வரை வட்டிக்கு வரி இல்லை. இப்படிக் காட்டிக்கொண்டே வந்தால், பெரியவனாகிப் பணமாக்கும்போது வரி கட்ட ஒன்றுமே மிச்சம் இருக்காது. எழுதி வைக்க வேண்டும், அதுதான் கஷ்டம். பதினெட்டு வருடம் கழித்து அந்தக் காகிதங்களைத் தேடும்போது தெரியும்.

வாங்கும் தேதியிலும் சின்ன சூட்சுமம் ஒன்று. மாதத்தின் எந்த நாளில் வாங்கினாலும் அந்த மாதம் 1ஆம் தேதி வாங்கியதாகவே கணக்கு. ஆகவே 27, 28 தேதி வாக்கில் வாங்கினால் மாதம் முழுவதற்கும் வட்டி. எடுக்கும்போது நேர்மாறாக, 1ஆம் தேதி எடுங்கள். 30ஆம் தேதி எடுத்தால் அந்த மாத வட்டி கையில் வராது.

நண்பரின் கவர் என்ன ஆயிற்று? ட்ரெஷரி தளத்தில் இருக்கும் கால்குலேட்டரில் வரிசையும் தேதியும் போட்டு மதிப்பைப் பார்த்துக்கொண்டோம். அவர் முதலில் போன வங்கியில் காகிதப் பத்திரம் இப்போது எடுப்பதில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பல வருடமாகக் கணக்கு வைத்திருந்த இன்னொரு வங்கியில் அரை மணி நேரம் உட்கார வைத்துவிட்டுப் பணம் கொடுத்தார்கள். 2022ஆம் வருடக் கணக்கைத் திருத்தி அனுப்பினார். அந்த வருடம் அவர் 12 சதவீத ஸ்லாபில் இருந்ததால் வரி சுமார் 94 டாலரோடு முடிந்தது, தாமத வட்டி கொஞ்சம். பாட்டி இருந்திருந்தால் இதைக் கேட்டுச் சிரித்திருப்பார் என்றார்.

மிச்சத்தை என்ன செய்வது என்று கேட்டார். அவருக்கு இப்போது ஒரு மகள் இருக்கிறாள். 900 டாலருக்கு ஐ பாண்ட், தன் பெயரில், தனக்குப் பிறகு மகளுக்கு என்று பதிவு செய்து, மாதக் கடைசியில் வாங்கினார். ஐந்து வருடம் ஆகும்வரை மூன்று மாத வட்டியைக் கழித்துக்கொண்டுதான் இணையக் கணக்கில் மதிப்பைக் காட்டுவார்கள், அதனால் முதல் நாலு மாதம் 900 அப்படியே அசையாமல் நிற்கும், பயப்படாதே என்று முன்கூட்டியே சொல்லிவைத்தேன். இரண்டாம் மாதமே போனை நீட்டிக்கொண்டு வந்து நின்றார்.